நூலைத் திருத்துவோர் கடன்

அறிவு வளருந் தன்மையது. ஆகவே, அறிவைத் தொகுத்துரைக்கும் நூல் ஒருமுறை அச்சேறியதோடு முடிந்துவிடுவதன்று. புதிய சான்று கிடைத்தவிடத்துப் பழைய கூற்றைத் திருத்துதல் ஆசிரியன் கடன் என்பதை மறுப்பார் எவருமிலர். அக்கடனோடு ஒட்டிய பிறிதொரு கடனும் உண்டு. எதனை மாற்றினோம், எப்போது மாற்றினோம், எச்சான்று கொண்டு மாற்றினோம் என்பவற்றைப் படிப்போர் அறியக் குறித்து வைத்தலே அது. முதற் கடனைச் செய்தோர் பலர். இரண்டாவதனைச் செய்தோர் சிலர். அச்சிலரால் விளைந்த நன்மையை வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் இவ்வாறு குறிப்பு வைக்கும் வழக்கம் அரிது. சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் தாம் பிழையெனக் கருதியதைத் திருத்தினர்; விளங்காததை விட்டனர்; சிலவிடங்களில் தம் பாட்டையும் இடைச்செருகினர். திருத்தமுற்ற ஏடும் திருத்தமுறாத ஏடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் முதலில் வரைந்த உரையைச் சமணர் ஏற்றிலர் என்றும், அதன்பின் அவர் சமண நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. அஃது உண்மையாயின், அப்பேராசிரியர் எவ்வெவ்விடங்களில் தம் கருத்தை மாற்றினார் என்பது நமக்கு எத்துணைப் பயன்தரும் செய்தி! அதனை அவர் எழுதி வைத்திலர்.

அச்சுப்பொறி இந்நிலையை மாற்றியது. நூலின் முகப்பில் ஆண்டும் பதிப்பெண்ணும் இடம்பெறலாயின. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளிலே தமக்குக் கிடைத்த ஏடுகளின் நிலையை விரித்துரைத்தார். உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887இல் வெளியிட்டு, 1907இலும் 1922இலும் மீண்டும் பதிப்பித்தார். தாம் கொண்ட பாடத்தோடு வேறு பாடங்களையும் அடிக்குறிப்பிற் காட்டுதல் அவர் பதிப்பு நெறியாகும். விலக்கிய பாடமும் தாளிலே நின்றமையால், அவர் முடிபை ஒப்பவோ மறுக்கவோ படிப்போன் உரிமை பெற்றான்.

இனி, நம் நாட்டிலே தோன்றிய நூல் வரிசையொன்றை நோக்குவோம். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 202 புலவர்களின் வரலாற்றை அது தொகுத்துரைத்தது. பின்னர், மானிப்பாயைச் சேர்ந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அதிற் கண்ட புலவர் தொகை 410. இருபத்தேழு ஆண்டுகளில் தொகை இருமடங்கானது பெருஞ் சாதனையே.

ஆயினும் ஆராய்ச்சி மாணவன் இங்கே ஒரு வினா எழுப்புதல் வேண்டும். ஒரு புலவரின் காலத்தை இவ்விரு நூல்களும் ஒருபடித்தாகக் கூறின், அவற்றை இரண்டு சான்றுகள் எனக் கொள்வதா, ஒரு சான்று எனக் கொள்வதா? பின்னவர் தாமே ஆராய்ந்து அம்முடிபை அடைந்தாராயின் சான்று இரண்டு. முன்னவர் கூற்றைப் பெயர்த்து வைத்தாராயின் சான்று ஒன்றே. எது பழையது, எது புதிதாகச் சேர்த்தது என்னும் குறிப்பு இல்லாதவிடத்து ஒரே குரலின் எதிரொலி பல சாட்சிகளாக எண்ணப்படும். ஒருவர் சொன்ன ஊகம் மூவர் வாயிற் புகுந்து உண்மையாகிவிடுவதும் இவ்வாறே.

இவ்விரு நூல்களையும் பிற்காலத்துப் பதிப்பித்தோர் நல்வழி காட்டினர். 'தமிழ் புளூட்டாக்' தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு 1946இல் கொழும்பில் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 'பாவலர் சரித்திர தீபக'த்தைப் பொன். பூலோகசிங்கத்தின் ஆராய்ச்சிக் குறிப்புகளோடு 1975இலும் 1979இலும் இரு பகுதிகளாக வெளியிட்டது. மூலத்தின் கூற்று ஒருபுறமும் பிற்கால ஆராய்ச்சி மறுபுறமும் நிற்கும்போது, சதாசிவம்பிள்ளை கூறியது யாது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின்பின் அறியப்பட்டது யாது என்பதைப் பள்ளி மாணவனும் பிரித்தறியலாம்.

இலக்கிய வரலாற்றில் பிழை நேரின் அறிஞர் வாதிடுவர். மருத்துவத்திலோ உயிர் ஊசலாடும். ஒரு மருந்தைப் பற்றி நிகழ்ந்த சோதனைகள் யாவற்றையும் வரையறுத்த முறைப்படி தேடித் திரட்டி, மதிப்பிட்டு, முடிபு கூறும் தொகுப்பாய்வுகளை வெளியிடுதற்கென 1993இல் இங்கிலாந்திலே கொக்றேன் நிறுவனம் தோன்றியது. அதன் ஆய்வுகள் காலந்தோறும் புதுப்பிக்கப்படுவன. ஆதலின், புதியது யாது என்பதையும் முந்திய மாற்றங்களின் வரலாற்றையும் ஆய்வோடு ஆண்டு குறித்து வைக்கும் வழக்கத்தை அந்நிறுவனம் மேற்கொண்டது.

இவ்வழக்கத்தின் பயனை 'டாமிஃபுளு' என்னும் சளிக்காய்ச்சல் மருந்தின் வரலாறு நன்கு விளக்கும். இம்மருந்து நோயின் கடுஞ்சிக்கல்களைக் குறைக்கும் என்று 2006ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கூறிற்று. யப்பானியக் குழந்தை மருத்துவரான கெய்ஜி ஹயாஷி 2009இல் அவ்வாய்வாளரை வினவினார். அம்முடிபு தங்கியிருந்தது 2003இல் வந்த ஒரு கட்டுரையின்மீது. அக்கட்டுரை திரட்டிய பத்துச் சோதனைகளுள் எட்டு முழுமையாக வெளியிடப்படாதவை. அவற்றை ஆய்வாளர் நேரே கண்டதுண்டா என்பதே அவர் வினா. ஆய்வாளர் அவ்வினாவை ஏற்று மூலத்தரவுகளைத் தேடினர். 46 சோதனைகளின் விரிவான அறிக்கைகளைக் கொண்டு 2014இல் வந்த ஆய்வு, பெரியோர்க்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ 17 மணி நேரம் முன்னதாக நீங்கும் என்றும், மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தமைக்குத் தக்க சான்றில்லை என்றும் கூறிற்று. அதற்குள் பல அரசுகள் பெருந்தொகை செலவிட்டு அம்மருந்தைச் சேமித்திருந்தன. 2006ஆம் ஆண்டுக் கூற்றை ஓசையின்றி அழித்துப் புதியதை அவ்விடத்தில் வைத்திருந்தால், முன்னையதை நம்பிச் செயற்பட்டோர் தாம் நம்பியது எது, அது மாறியது ஏன் என்பதை அறிய வழி இராது.

இவற்றால் நாம் பெறும் நெறி எளியது. பதிப்புக்கு ஆண்டும் எண்ணும் இடுக. சேர்த்ததையும் நீக்கியதையும் குறிக்க. மாற்றத்துக்குக் காரணமான சான்றைச் சுட்டுக. எழுத்துப்பிழை நீக்கத்தை முடிபு மாற்றத்தினின்றும் வேறாக்கிக் காட்டுக. பழைய பதிப்பைப் பேணி வைக்க. மேற்கோள் காட்டுவோரும் நூற்பெயரோடு பதிப்பின் ஆண்டையுங் கூறுதல் வேண்டும்.

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய நெறியன்று. கொட்டாஞ்சேனையிலாயினும் வெள்ளவத்தையிலாயினும், குடமுழுக்கு மலரிற் கோயில் வரலாற்றை மீண்டும் எழுதப் புகுவோர்க்கும், கல்லூரி வரலாற்றைப் புதுக்குவோர்க்கும் இது பொருந்தும். முன்னோர் எழுதிய ஆண்டு பிழையெனத் தோன்றின் திருத்துக, திருத்தியதைச் சொல்லுக. திருத்தத்தை மறைத்த நூலில் பின்வருவோர் எதனை நம்புவதென அறியாது மயங்குவர். திருத்தத்தைச் சொன்ன நூலோ, தான் கூறும் முடிபோடு அம்முடிபு பிறந்த வழியையும் அவர்க்குக் காட்டும்.