உப்சாலா சர்வகலாசாலையின் இசையேட்டுப் பெட்டகம்

இசையைக் குலதனமாகக் கொண்டு வாழ்ந்துவரும் நம் சங்கத்தாருடைய இல்லங்கள் பலவற்றில், பாட்டனார் கைப்பட எழுதிய ஸ்வரக் குறிப்புகளும், கீர்த்தனக் கையேடுகளும் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. அவற்றை வெளியே கொடுத்தால் குலச்சொத்துப் போய்விடும் என்று அஞ்சுவோர் ஒருசாரார். எங்கேனும் ஒரு புத்தகசாலையில் சேர்த்துவிட்டால் தம் கடன் தீர்ந்தது என்று எண்ணுவோர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் குறையுடையன என்பதை, ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியிலுள்ள ஸ்வீடன் தேசத்து இசைக்குடும்பம் ஒன்றின் சரித்திரத்தால் விளக்க முயல்கின்றேன். அன்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகின்றேன்.

ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரில் 1477-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பெற்ற சர்வகலாசாலை ஒன்று உளது. அதன் புத்தகசாலை 1620-ல் தோன்றியது. அதே 1620-ல், ஜெர்மனியிற் பிறந்து, ஆம்ஸ்டர்டாம் நகரில் ஸ்வேலிங்க் என்னும் பெரும் வித்துவானிடம் ஆர்கன் வாத்தியம் பயின்ற அந்திரேயாஸ் டியூபன் என்பவர் ஸ்வீடன் அரண்மனைச் சேவைக்கு வந்து சேர்ந்தார். 1640-ல் அவர் அரண்மனை இசைக்குழுவின் தலைவரானார். 1662-ல் அவர் காலஞ்சென்றபின், அவர் குமாரர் குஸ்டாவ் டியூபன் 1663-ல் அப்பதவியை ஏற்றார். தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் ஜெர்மானியர் வழிபடும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் உரிமையும் தந்தைக்குப் பின் அவரையே அடைந்தது. தந்தை தொழிலை மைந்தன் ஏற்பதும், அரசவையிலும் கோயிலிலும் ஒருங்கே பணிபுரிவதும் நம்மவர்க்குப் புதியன அல்லவே!

குஸ்டாவ் டியூபன் தாம் பாடல் இயற்றியதோடு அமையாது, பிறர் இயற்றியவற்றைத் திரட்டுவதில் பேரார்வம் கொண்டிருந்தார். ஜெர்மனி, இத்தாலி முதலிய தேசங்களின் வித்துவான்கள் செய்த பாடல்களை வரவழைத்தும், தம் கையாலேயே படியெடுத்தும், பிறரைக்கொண்டு எழுதுவித்தும் சேர்த்து வந்தார். அவருடைய நண்பர்களுள் தலைசிறந்தவர் டீட்ரிக் புக்ஸ்டெஹூடெ என்பவர். இவர் ஜெர்மனியின் வடகரையிலுள்ள லியூபெக் நகரத்து மரியன்னை தேவாலயத்தில் 1668 முதல் 1707-ல் இறக்கும்வரை ஆர்கன் வாசித்தவர். பிற்காலத்தில் உலகப் புகழெய்திய ஸெபாஸ்டியன் பாக் என்பவர், இருபது வயது இளைஞராயிருந்தபோது, 1705-ல் இவருடைய வாசிப்பைக் கேட்கவேண்டி ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரம் கால்நடையாகவே சென்றார். நான்கு வாரம் விடுமுறை பெற்றுப் போனவர் நான்கு மாதம்போல் தங்கிவிட்டார் என்றால், அவ்வித்துவானுடைய பெருமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

புக்ஸ்டெஹூடெ 1680-ல் சிலுவையிலிருந்த இயேசுநாதரின் பாதம், முழந்தாள், கை, விலா, மார்பு, இருதயம், முகம் என்னும் ஏழு அவயவங்களைக் குறித்து ஏழு பகுதிகளாக அமைந்த இசைத்தொகுதி ஒன்றை இயற்றி, அதைத் தம் கைப்பட எழுதி, குஸ்டாவ் டியூபனுக்குக் காணிக்கையாக்கி அனுப்பினார். அப்பிரதி இன்றளவும் உளது.

குஸ்டாவ் 1690-ல் காலமானார். 1697-ல் ஸ்டாக்ஹோம் அரண்மனை தீக்கிரையாகி, அரச நூலகத்தின் பெரும்பகுதி சாம்பராயிற்று. டியூபன் குடும்பத்தார் சேர்த்த ஏடுகளோ பிழைத்தன. குஸ்டாவின் புதல்வர் அந்தெர்ஸ், தாமும் அரண்மனை இசைக்குழுவுக்குத் தலைவராயிருந்தவர். அவர் 1732-ல் அவ்வேடுகள் அனைத்தையும் உப்சாலா சர்வகலாசாலைக்கு நன்கொடையாக வழங்கினார். 2,300-க்கு மேற்பட்ட இசையுருப்படிகள் அத்தொகுதியில் அடங்கியுள்ளன. மூன்று தலைமுறையினர் தேடிய தேட்டம் பொதுச்சொத்தாயிற்று.

இதன்பின் நிகழ்ந்தது யாது? ஒன்றும் நிகழவில்லை. 1732 முதல் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அவ்வேடுகளை இசையாகக் கொள்வார் இலராயினர். செல்லரிக்கவில்லை, களவு போகவில்லை, ஆயினும் பாடப்படவுமில்லை. அக்காலமெல்லாம் புக்ஸ்டெஹூடெ என்பவர் ஆர்கன் வாத்தியத்துக்கு உருப்படிகள் செய்தவர் என்றே இசையறிஞர் கருதி வந்தனர். 1870-களில் ஸ்பிட்டா என்னும் பேராசிரியர் பதிப்பித்தவையும் அவ்வாத்திய உருப்படிகளே. அவர் வாழ்ந்த லியூபெக் நகரில் அவர் நடத்திய புகழ்பெற்ற மாலைக் கச்சேரிகளுக்குரிய இசைநாடகங்களின் பாட்டுச் சொற்கள் சில அச்சுப் புத்தகங்களாக எஞ்சின, இசையோ அழிந்துபட்டது. சொந்த ஊர் இழந்ததற்கு ஈடாக அவருடைய வேறு வாய்ப்பாட்டுகள், கடல் கடந்த ஊரொன்றில், நூற்றுக்கணக்கான பிற ஏடுகளின் நடுவே உறங்கிக் கிடந்தன.

அவ்வுறக்கத்தைக் கலைத்தவர் லியூபெக் நகரத்து இசைவாணராகிய கார்ல் ஷ்டீல் என்பவர். அவர் டியூபன் குடும்பத்தைப் பற்றியும், உப்சாலாவிலுள்ள புக்ஸ்டெஹூடெ பிரதிகளைப் பற்றியும் 1889-ல் கட்டுரை வரைந்து வெளியிட்டார். இன்று நமக்குக் கிடைத்துள்ள புக்ஸ்டெஹூடெயின் வாய்ப்பாட்டுகளுள் மிகப் பெரும்பாலான, ஏறக்குறைய நூறு, அத்தொகுதியிலேயே உள்ளன என்றால் அச்செய்தியின் அருமை விளங்கும். 1903-ல் அவற்றுட் சில ஜெர்மனியில் அச்சேறின. பின்னர் லியூபெக் நகரத்திலேயே தேவாலய இசைப்பணி புரிந்த புரூனோ குருஸ்னிக் என்பவர், உப்சாலாப் பிரதிகளைக்கொண்டு பாடல் பலவற்றைப் பதிப்பித்தார். தம் குழுவினரைக் கொண்டு பாடுவித்தும் வந்தார். இங்ஙனம் லியூபெக் தான் இழந்த மைந்தனின் குரலை மீட்டுக்கொண்டது.

இனி, இவர்கள் அப்பெட்டகத்தினின்று பயன்கொண்ட முறையைச் சிறிது ஆராய்வோம், என்னை? நம் இளைஞர் கற்கத்தக்கது அதுவேயாகலின்.

முதலாவது, எழுத்தறிவு. அவ்வேடுகளுட் பல, ஐரோப்பியர் இப்போது வழங்கும் ஐந்து கோட்டு முறையில் எழுதப்பட்டன அல்ல. நாம் ச, ரி, க, ம என்று எழுத்தால் ஸ்வரம் குறிப்பதுபோல, அக்கால ஜெர்மானிய ஆர்கன் வித்துவான்கள் தம் எழுத்துக்களாற் குறித்து, அவற்றின்மேல் காலவளவைக் காட்டும் அடையாளங்களை இட்டு எழுதினர். பல குரல்களுக்கும் வாத்தியங்களுக்கும் உரியவற்றைச் சிறிய தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடக்குதற்கு அம்முறை ஏற்றதாயிருந்தது. அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றவனுக்கே அப்பெட்டகம் திறக்கும்; ஏனையோர்க்குப் பூட்டிய கதவே.

இரண்டாவது, ஒப்புநோக்குதல். மேற்கூறிய ஏழு பகுதித் தொகுதிக்கு, ஆக்கியோன் கைப்பட எழுதிய பிரதியேயன்றி, பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் தனித்தனியே எழுதிய தாள்களும் உப்சாலாவில் உள்ளன. இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படித்தால், ஆக்கியோன் கருதியது எது, ஸ்டாக்ஹோமில் தம் குழுவுக்கேற்ப டியூபன் மாற்றிக்கொண்டது எது என்பன புலனாகும். ஒரே பிரதியை நம்பிப் பதிப்பிப்பவன் இவ்விரண்டில் ஒன்றை இழப்பான்.

மூன்றாவது, தாளையே சாட்சியாகக் கொள்ளுதல். பழங்காலத்துக் கைத்தாள்களை வெளிச்சத்திற் பிடித்தால், அவற்றைச் செய்த ஆலையின் அடையாளம் நீர்க்குறியாகத் தோன்றும். நாளிட்ட ஏடொன்றும் நாளிடாத ஏடொன்றும் ஒரே நீர்க்குறியுடைய தாளில் இருப்பின், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தன என ஊகிக்கலாம். குருஸ்னிக் 1964-லும் 1966-லும் வெளியிட்ட ஆராய்ச்சியில் அத்தொகுதி முழுவதையும் கால வரிசைப்படுத்த முயன்றார். யான் ஊலோஃப் ருடேன் என்னும் ஸ்வீடன் அறிஞர் 1968-ல் நீர்க்குறிகளைத் தனியே ஆராய்ந்து அவ்வேலையை மேலும் திருத்தமாக்கினார். பாட்டைத் தேடிச் சென்றவர்கள் தாளையும் படித்தனர் என்பதை நோக்குக.

நான்காவது, பாடுதல். படியெடுத்ததைப் பாடிப் பார்த்தாலன்றி எழுத்துப்பிழை தெரியவாராது. அன்றியும், பாட்டுக்கு உயிர் குரலில் உள்ளது. ஏட்டில் இருந்தது மீண்டும் கண்டத்திற்கு வந்தபோதே அந்தெர்ஸ் டியூபன் செய்த கொடை நிறைவெய்தியது.

இக்காலத்தில் அப்பயன் இன்னும் விரிந்துள்ளது. 2006-ல் உப்சாலா அறிஞரும் அவர்தம் துணைவரும் அத்தொகுதிக்கு விரிவான அட்டவணை ஒன்றை வகுத்து, இணையத்தின் வாயிலாக உலகத்தார் யாவரும் காணுமாறு செய்துள்ளனர். பாடலின் பெயர், ஆக்கியோன், குரல், வாத்தியம், தாள், எழுதிய கை முதலியவற்றை வீட்டிலிருந்தே தேடலாம். பாக் என்னும் இளைஞர் நடந்த தூரம் இன்று எவரும் நடக்க வேண்டுவதில்லை. ஆயினும் எதைத் தேடுகின்றோம் என்று அறிந்து போகின்றவனுக்கே அட்டவணை விடையளிக்கும். அவ்வறிவை எந்தப் புத்தகசாலையும் வரும்போது கொடுப்பதில்லை; நாமே கொண்டுசெல்ல வேண்டும்.

சங்கத்தின் அன்பர்களே! இச்சரித்திரத்தில் இருவர் கடமை விளங்குகின்றது. அந்தெர்ஸ் டியூபன் கொடாதிருந்தால் ஷ்டீலுக்குத் தேட இடமில்லை. ஷ்டீல் தேடாதிருந்தால் அந்தெர்ஸ் கொடுத்தது வீண். கொடுப்பவனும் தேடுபவனும் ஒருவரையொருவர் காணாமலே, ஒன்றரை நூற்றாண்டு இடையிட்டு, ஒரே காரியத்தைச் செய்து முடித்தனர்.

ஆகவே, வீட்டிற் பழைய ஏடு வைத்திருப்போர், முதலில் அதைத் தூசு தட்டி, எழுதியவர் பெயர், ஊர், குருவின் பெயர் ஆகியவற்றைத் தனித்தாளிற் குறித்து அதனுடன் வைப்பாராக. இவ்விவரங்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பின்னர்ப் பிரதியொன்று எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மூலத்தையோ பிரதியையோ இசைத்துறையுள்ள சர்வகலாசாலை ஒன்றின் புத்தகசாலைக்கு அளிப்பாராக. கொடுத்தால் குலச்சொத்துப் போய்விடும் என்று அஞ்ச வேண்டா. டியூபன் குடும்பத்தின் பெயரை இன்று உலகம் சொல்வது அவர்கள் கொடுத்தமையாலன்றோ? அத்தொகுதி இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது.

இசை பயிலும் நம் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஒரு விண்ணப்பம். சிதம்பரத்து அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும் சென்னைச் சர்வகலாசாலையிலும் இசைத்துறைகள் உள்ளன. அங்கே பயில்வோர் பரீட்சைக்குரிய புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கித் திரும்பாது, ஒரு கேள்வியைக் கைக்கொண்டு புத்தகசாலைக்குட் செல்க. ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளைக் கேட்டு ஒப்பிடுக. பழைய எழுத்தைப் படிக்கப் பழகுக. கண்டதைப் படியெடுத்துப் பாடிக் காட்டுக. எவர் வீட்டுப் பரணிலிருந்து வந்த ஏடாயினும், அதைத் திறந்து பாடுகின்ற குரல் நம் வீட்டுக் குரலாயிருப்பின், நம் முன்னோர் மகிழ்வர்.