லிஸ்பனின் நீலச் சுவர்கள்

1755 பூகம்பத்துக்கு முந்தைய லிஸ்பனைப் பார்க்க வேண்டுமா? அதற்கு டைல்ஸ் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். நகரின் கிழக்குப் பக்கம், அரசி லியோனோர் 1509இல் நிறுவிய கன்னியர் மடத்தில் அது இருக்கிறது. அங்கே சுமார் 23 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர்ச் சித்திரம். 1700ஆம் ஆண்டுவாக்கில் செய்யப்பட்டது. ஸ்பெயினில் பிறந்த காப்ரியேல் டெல் பார்க்கோவின் கைவண்ணம் என்பார்கள். வெள்ளைப் பரப்பில் நீலத் தூரிகை. தேஜு ஆற்றங்கரை ஏறக்குறைய 14 கிலோமீட்டருக்கு அதில் ஓடுகிறது: படகுகள், துறைகள், கோபுரங்கள், மேட்டில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள்.

எந்த லென்ஸைப் போட்டாலும் இது ஒரே படத்தில் அடங்காது. சுவரை ஒட்டியே நகர்ந்து துண்டு துண்டாக எடுத்தேன். நடுவில் ஆற்றை ஒட்டி நிற்கும் ரிபெய்ரா அரண்மனை முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். இந்தியாவிலிருந்து வந்த மிளகு இறங்கிய கரை அது. மூன்றாம் ஜுவாங் மன்னரின் ஆணைப்படி 1554இல் ஒரு தமிழ் வேதபாடப் புத்தகம் அச்சானதும் இதே நகரத்தில்தான். தமிழை ரோமன் எழுத்தில் கோத்து அச்சிட்டார்கள். தொகுத்தவர்கள் வின்சென்ட் டி நாசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா டா குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர் தாங்கிய மூன்று இந்தியர்கள். எஞ்சிய பிரதி நகரின் மேற்கே பெலேமில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அந்த மூவரும் பார்த்திருக்கக்கூடிய கரை இன்று இந்தச் சுவரில் மட்டும்தான் இருக்கிறது.

1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணி கடந்த நேரம், கோவில்களில் கூட்டம், பீடங்களில் மெழுகுவத்திகள். பூமி சில நிமிடங்கள் விடாமல் குலுங்கியது. தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓட, அங்கே கடல் எழும்பி உள்ளே வந்தது. மிச்சத்தை நாள்கணக்கில் எரிந்த தீ தின்றது. அரண்மனையும் அதன் பெரிய நூலகமும் போயின. அந்த வசந்தத்தில்தான் திறந்திருந்த ஓபரா அரங்கம் ஓராண்டுகூட நிற்கவில்லை. மன்னர் முதலாம் ஜூசே குடும்பத்தோடு பெலேமில் இருந்ததால் பிழைத்தார். அதன்பின் கல் கூரைக்கு அடியில் உறங்க அவருக்கு மனம் வரவில்லை. அஜுதா மேட்டில் மரத்தால் கட்டிய அரண்மனையிலேயே காலத்தைக் கழித்தார்.

நகரத்தை மீட்டெடுத்தவர் அமைச்சர் பொம்பால். திட்டம் போட்டுக் கொடுத்த பொறியாளர் மானுவேல் தா மாயாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. சுவர்களுக்குள்ளே குறுக்குச் சட்டங்கள் போட்ட மரக்கூண்டு வைத்துக் கட்டினார்கள். அதைச் சோதிக்கச் சிப்பாய்களைச் சுற்றிலும் அணிநடை நடக்க வைத்ததாக இன்றும் அங்கே சொல்கிறார்கள். பாய்ஷா பகுதியின் நேர்கோட்டுத் தெருக்களும் ஒரே அளவுச் சன்னல்களும் அந்த அவசரத்தில் பிறந்தவை. எனக்கு அந்தத் தெருக்களில் கேமராவைத் தூக்கத் தோன்றவில்லை. ஆனால் உள்ளே, மாடிப்படி ஓரங்களில், அந்தக் காலத்தின் டைல்ஸ் இருக்கிறது. வீடிழந்த ஊருக்கு மலிவாகவும் வேகமாகவும் வேண்டியிருந்ததால், கதை சொல்லும் பெரிய சித்திரங்களுக்குப் பதில் திரும்பத் திரும்ப வரும் எளிய கொடி வடிவங்களைச் செய்தார்கள். ராத்தூவில் அரசுத் தொழிற்சாலை 1767இல் தொடங்கியது.

அல்ஃபாமா சந்துகளில் வாசலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். சில டைல்களைச் சேர்த்துச் செய்த சிறு படம் ஒன்று கண்ணில் படும். மாதா இருப்பார், புனித அந்தோனியார் இருப்பார். தீயிலிருந்து காக்கும் புனித மார்சாலும், பூகம்பத்திலிருந்து காக்கும் எமீதியூவும் சில வாசல்களில் உண்டு. 1755ஐக் கண்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பதித்தவை இவை. லிஸ்பனில் நான் எடுத்த படங்களில் எனக்கு மிக நெருக்கமானவை இந்த வாசல் படங்கள்தான். அந்தப் பயத்தை எந்த வரலாற்றுப் புத்தகமும் இவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் அருமை இன்னும் கூடும். ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் சதுர மண் பலகையை ஒருமுறை சுட்டு, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சில் நனைப்பார்கள். அது மாவுபோல் உலரும். படத்தின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்ட காகிதத்தை அதன்மேல் வைத்து, கரித்தூள் மூட்டையால் ஒற்றினால், கோலச் சல்லடையில் விழும் புள்ளிகள்போல உருவம் இறங்கும். அதன்மேல் கோபால்ட் நீலத்தில் தூரிகை. உலர்ந்த பூச்சு சாயத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடுமாதலால் அழித்து எழுத வழியில்லை. பின்பு மறுசூளை. பெரிய சித்திரமென்றால் ஒவ்வொரு டைலின் முதுகிலும் எழுத்தும் எண்ணும் குறித்திருப்பார்கள். கொத்தனார் அதைப் பார்த்து வரிசையாகப் பதிப்பார். பழைய மடங்களில் ஒரு தேவதையின் முழங்கைக்குப் பக்கத்தில் யாருடைய காதோ ஒட்டியிருந்தால், பிற்காலத்தில் பழுது பார்த்தவர் கைக்குக் கிடைத்ததை வைத்து ஓட்டையை அடைத்திருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட சுவர்களைத் தேடிப்பிடித்துப் படமெடுப்பேன்.

இன்று பயணிகள் மயங்கும் டைல்ஸ் வீட்டு முகப்புகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக்குரியவை. பிரேசிலில் பொருள் சேர்த்துத் திரும்பியவர்கள் அந்த மோகத்தைப் பரப்பினார்கள். மழைக்கும் கடற்காற்றுக்கும் தாங்குகிறது, கழுவினால் போதும் என்பது நடைமுறைக் காரணம். 1849இல் தொடங்கிய வியூவா லமேகு தொழிற்சாலை இன்டெண்டென்ட் சதுக்கத்தில் தன் முகப்பையே விளம்பரமாக்கிக்கொண்டது. வரைந்தவர் ‘தபுலேத்தாஷ்’ ஃபெரெய்ரா என்று ஊர் அழைத்த ஓவியர்.

என் மனம் ஆறாத விஷயம் ஒன்று. செவ்வாயும் சனியும் கூடும் லாத்ரா சந்தையில், தரையில் விரித்த துணிமேல் பழைய டைல்களை ஒவ்வொன்றாக விற்கிறார்கள். சிலவற்றின் முதுகில் சுண்ணாம்புக் காரை இன்னும் ஒட்டியிருக்கிறது. முறையாக இடித்த வீட்டிலிருந்து வந்ததும் உண்டு. இரவில் பெயர்த்ததும் உண்டு. எது எதுவென்று வாங்குகிற பயணிக்குத் தெரியாது. திருட்டு பெருகியதால் போர்ச்சுகல் குற்றப்புலனாய்வுப் போலீஸின் அருங்காட்சியகமே 2007இல் ‘எஸ்ஓஎஸ் அசுலேஜு’ (அசுலேஜு என்றால் டைல்) என்ற காப்புத் திட்டத்தைத் தொடங்கி, களவுபோன டைல்களின் படங்களை வெளியிட்டது. முகப்பு டைல்ஸைப் பெயர்ப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாடு முழுவதற்கும் 2017இல் வந்தது. தனி டைலை நினைவுப் பொருளாக வாங்காதீர்கள் என்று பயணம் போகும் நண்பர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாகச் செய்ததை வாங்கலாம். இன்றும் கையால் வரைபவர்கள் இருக்கிறார்கள்.

போர்த்து நகரம் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. இடிபடும் கட்டடங்களிலிருந்து மீட்ட டைல்களை நகராட்சி ஒரு பொருள் வங்கியில் சேர்த்து வைக்கிறது. சுவரில் இடம் விட்டுப்போன வீட்டுக்காரர் அங்கே போய், ஒத்த வடிவம் இருந்தால் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் முகப்புகளை எடுக்கும் முறையே மாறிவிட்டது. அழகான கோணம் தேடுவதில்லை. எதிர்ச்சாரியில் போய் நின்று, சுவர் முழுதும் நேராக விழும்படி, கதவு எண்ணும் தெருப்பெயரும் தெரிய ஒரு படம். பிறகு கிட்டே போய் ஒரே ஒரு டைல், பக்கத்தில் அளவுக்கோல் வைத்து.