உருளி காஞ்சன்: ஊரைத் தேடிப் போன மருத்துவம்

புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் ரயில் பாதையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் உருளி காஞ்சன் வரும். காந்தியடிகள் தம் கடைசி ஆண்டுகளில் தொடங்கிவைத்த நிசர்கோபசார் ஆசிரமம் இங்குதான் இருக்கிறது. 1946 முதல் நோயாளிகளைத் தங்கவைத்து இயற்கை முறையில் சிகிச்சை தந்துவரும் நிலையம் இது. உணவையும் வெயிலையும் நீரையும் மருந்தாகக் கொள்ளும் வைத்தியம் எங்கே வேர்பிடிக்கும் என்ற கேள்விக்கு இந்த ஊர் விடை சொல்லியிருக்கிறது. இயற்கை வாழ்வியலில் பற்றுள்ள நம்மைப் போன்றவர்கள் இதன் வரலாற்றை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

வேர்கள்

காந்தியடிகளுக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கை பிறந்தது தென்னாப்பிரிக்காவில். ஜெர்மானியர்களான லூயி கூனேயின் நீர்ச் சிகிச்சை நூலையும் அடால்ஃப் ஜஸ்டின் இயற்கை வாழ்வு நூலையும் படித்தார். மலச்சிக்கலுக்கு வயிற்றில் ஈரமண் பட்டி போட்டுத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். மகன் மணிலால் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தபோது முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்ன மருத்துவரிடம் மறுத்துவிட்டு, தொட்டிக் குளியலும் ஈரத்துணிப் போர்வையும் ஆரஞ்சுச் சாறுமாகக் காத்த கதையைச் சத்திய சோதனையில் விரிவாகச் சொல்கிறார்.

1913இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் உடல்நலம் பற்றி குஜராத்தியில் ஒரு தொடர் எழுதினார். அதன் ஆங்கில வடிவத்தை 1921இல் நூலாக வெளியிட்டவர் சென்னைப் பதிப்பாளர் எஸ். கணேசன். 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது அதே பொருளைப் புதிதாக எழுதினார். அதுவே ‘ஆரோக்கியத் திறவுகோல்’. மண், நீர், ஆகாயம், வெயில், காற்று என்ற ஐந்தையும் மருந்தாக்கிச் சொன்ன சிறுநூல் அது.

இதே காந்தியடிகள் 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி கண்டபோது, புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மாடாக்கிடம் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அது அவர் உயிரைக் காத்தது. இயற்கை மருத்துவத்தைப் போற்றும் எவரும் இந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு வரலாறு சொல்லக் கூடாது.

நகரத்திலிருந்து கிராமத்துக்கு

புனேயில் டாக்டர் தின்ஷா மேத்தா ஓர் இயற்கை மருத்துவ நிலையம் நடத்திவந்தார். காந்தியடிகள் பலமுறை அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். வசதியுள்ளவர்கள் வந்துபோகும் அந்த இடத்தை ஏழைகளுக்கானதாக மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில், 1945 நவம்பர் 18 அன்று அகில இந்திய இயற்கை மருத்துவ அறக்கட்டளை பிறந்தது. நாம் ஆண்டுதோறும் நவம்பர் 18ஐ இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடுவது அதை நினைத்துத்தான்.

சில மாதங்களிலேயே காந்தியடிகளின் எண்ணம் மாறியது. ஏழைகள் வாழ்வது கிராமத்தில். வேலையையும் வீட்டையும் விட்டு நகரத்துக்கு வந்து அவர்களால் தங்க முடியாது. வந்து குணமானாலும், திரும்பிப் போகும் ஊரில் நல்ல தண்ணீரும் சத்தான உணவும் இல்லையென்றால் நோய் மறுபடியும் வரும். நகரத்தில் ஏழைகளுக்கு நிலையம் அமைக்கலாம் என்று நினைத்தது தம் அறியாமை என ‘ஹரிஜன்’ இதழில் வெளிப்படையாகவே எழுதினார். நோயாளியை வரவழைப்பதை விட்டு, வைத்தியத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்.

1946 மார்ச் பிற்பகுதியில் உருளி காஞ்சனுக்கு வந்து சேர்ந்தார். முதல் நாளே முப்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஐந்தாறு பேரைத் தாமே பார்த்தார். ராமநாமம், வெயில் குளியல், இடுப்புக் குளியல், உரசுக் குளியல், பசும்பால், மோர், பழச்சாறு, நிறையத் தண்ணீர் என்று, ஆளுக்குத் தக்க சிறு மாற்றங்களுடன் சொல்லிக்கொடுத்தார். மாதம் முடிவதற்குள் டெல்லிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு அங்கே வந்திருந்தது. ஆசிரமத்தை நடத்தும் பொறுப்பு இளைஞர் மணிபாய் தேசாயிடம் வந்தது.

வெயிலும் தட்டும்

வெயில் குளியலை அன்று பலர் வெறும் நம்பிக்கை என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஒளி மருந்தாகும் என்பதை மருத்துவ உலகம் அதற்கு முன்பே ஏற்றிருந்தது. தோலைத் தின்னும் காசநோய்க்கு வில்விளக்கின் ஒளியால் சிகிச்சை செய்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபல் பரிசு பெற்றார். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு இன்று மருத்துவமனைகளில் நீல ஒளியில் படுக்கவைக்கிறார்கள். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடல் வைட்டமின் டியைத் தானே ஆக்கிக்கொள்ளும். விடியற்காலை இளவெயில் இதமானது என்றாலும், அந்தக் கதிர் அப்போது மிகக் குறைவு. சூரியன் சற்று மேலேறிய பிறகு, தோல் சிவக்காத அளவுக்குச் சிறிது நேரம் நிற்பதே வைட்டமின் டிக்கு உதவும்.

உணவிலும் காந்தியடிகள் அளவோடுதான் பேசினார். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு 2 பவுண்டு பசும்பால், 6 அவுன்ஸ் தானியம், 3 அவுன்ஸ் கீரை, 5 அவுன்ஸ் மற்றக் காய்கள், 1 அவுன்ஸ் பச்சைக் காய் என்று ‘ஆரோக்கியத் திறவுகோல்’ பட்டியல் தருகிறது. பழம் அவரவர் கையிருப்புக்குத் தக்கபடி. இன்றைய நம் தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் இருப்பதை எண்ணினால், தானியத்தைவிடக் கீரையும் காயும் கூடுதலாக உள்ள இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

மணிபாயின் உழைப்பு

பாலும் கீரையும் பழமும்தான் மருந்து என்றால், அவை அந்த ஊரில் விளைய வேண்டும். மணிபாய் தேசாயின் வாழ்நாள் பணி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சூரத் மாவட்டத்தில் 1920இல் பிறந்த அறிவியல் பட்டதாரி அவர். உருளி காஞ்சனுக்கே வாழ்வைத் தருவதாகக் காந்தியடிகளிடம் வாக்குக் கொடுத்து, அதை 1993இல் இறக்கும்வரை காப்பாற்றினார். விநோபா பாவேயின் தம்பி பால்கோபா பாவேயும் பல ஆண்டுகள் ஆசிரமத்துக்குத் துணைநின்றார்.

நோயாளிகளுக்கு நல்ல பால் வேண்டும் என்று கீர் இனப் பசுக்களை வளர்த்தார் மணிபாய். அந்தக் கொட்டிலில் கற்ற பாடம் உழவர்களின் மாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தோட்டம், பாசனம், பள்ளிக்கூடம் என்று பணி விரிந்தது. 1967இல் அவர் தொடங்கிய பாயிஃப் என்னும் வேளாண் வளர்ச்சி நிறுவனம் கால்நடை மேம்பாட்டைப் பல மாநிலங்களின் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. 1982இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. புனேயில் மேத்தாவின் நிலையம் இருந்த இடத்தில் 1986 முதல் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. ஒரே எண்ணத்தில் பிறந்த இரண்டு நிலையங்களும் இன்றும் மக்களுக்குப் பயன்படுகின்றன.

நம் கடமை

இயற்கை மருத்துவத்தைப் பத்து நாள் தங்கி எடை குறைத்துக்கொண்டு திரும்பும் ஓய்விடமாகச் சுருக்கிவிட்டால், காந்தியடிகள் புனேயைவிட்டுக் கிளம்பியதன் காரணத்தையே நாம் மறந்தவர்களாவோம். மண்பட்டியும் இடுப்புக் குளியலும் நோயாளியின் உடலுக்குச் செய்யும் உதவி. ஊர்க் கிணறும் காய்கறித் தோட்டமும் பள்ளிச் சத்துணவும் நோய் வராமல் காப்பவை. இரண்டாவதைச் செய்யாத இடத்தில் முதலாவது நெடுநாள் நிற்காது.

கூடவே ஒரு பொறுப்பும் நமக்கு உண்டு. காசநோய் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு மண்ணையும் சாற்றையும் மட்டும் நம்பும்படி நம் மேடைகளில் ஒருபோதும் சொல்லக் கூடாது. அறுவை மேசையில் படுத்த காந்தியடிகள் அதைத்தான் நமக்குக் காட்டியிருக்கிறார். எந்த மருத்துவம் எங்கே உதவும் என்று அறிந்து சொல்வதும் இயற்கை மருத்துவரின் கடமைதான்.

நம் அமைப்பின் ஒவ்வொரு கிளையும் இந்த ஆண்டு ஓர் ஊரையோ தெருவையோ தத்தெடுத்துக்கொள்ளட்டும். அங்கே ஒரு கீரைப் பாத்தி போடுவோம், குடிநீரைச் சோதிப்போம், பிள்ளைகள் பகலில் வெளியே விளையாட இடம் கேட்டு வாங்குவோம். முகாம் நடத்துவதைவிட மெதுவாகத்தான் இதற்குப் பலன் கிடைக்கும். உருளி காஞ்சனிலும் அப்படித்தான் கிடைத்தது. எண்பதாண்டாக நிலைத்தும் நிற்கிறது.