பச்சிளங்குழந்தையின் வலியும் தாய்ப்பாலும்

அழும் குழந்தையை மார்போடு அணைத்துப் பாலூட்டி ஆற்றுவது தாய்மார் என்றும் அறிந்த வழக்கமாயினும், தடுப்பூசியின்போது அதுவே வலிதணிக்கும் முறை என்று மருத்துவம் ஏற்பதற்கு முன், பச்சிளங்குழந்தைக்கு வலி உண்டு என்பதையே அது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், நரம்பிழைகளைப் போர்த்திச் செய்தியை விரைந்து கடத்த உதவும் கொழுப்புறையான மயலின், பிறந்த குழந்தையிடம் முழுமையாக வளர்ந்திராததால், அது வலியைத் தெளிவாக உணராது என்ற கருத்தே மேலோங்கியிருந்தது. குழந்தைகளைக் குண்டூசியால் குத்தி அவர்களின் எதிர்வினையை ஆராய்ந்து மர்டில் மெக்ரா 1941இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. இதன் கொடிய விளைவாக, 1980கள் வரையிலும் குறைமாதக் குழந்தைகள் பலருக்கு, தசைகளை அசைவறச் செய்யும் மருந்தையே முதன்மையாகக் கொடுத்து, போதிய வலிநீக்கி இன்றியே அறுவை மருத்துவம் செய்யப்பட்டது.

இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய உடனாய்வாளர்களும் இங்கிலாந்தில் நடத்தி, 1987இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. அறுவையின்போது ஃபென்டனில் என்னும் வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளிடம், உடல் நெருக்கடியைக் காட்டும் ஹார்மோன் மாற்றங்களும் பிந்தைய சிக்கல்களும் குறைந்திருந்தன. மயலின் உறையற்ற மெல்லிய நரம்பிழைகள் வளர்ந்தோரிடமும் வலியைக் கடத்துகின்றன என்பதால், பழைய வாதத்தின் அடிப்படையும் தகர்ந்தது.

வலி உண்டென்று தெளிந்தபின், குதிகாலில் குத்திக் குருதி எடுத்தல், தடுப்பூசி போன்ற சிறு வலிகளை மருந்தின்றி எவ்வாறு தணிப்பது என்ற கேள்வி எழுந்தது. பாஸ்டனில் பிறந்த குழந்தைகள் 30 பேரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், குதிகாலில் குத்தும்போது பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகளின் அழுகை, தொட்டிலில் துணிசுற்றிக் கிடத்தப்பட்டவர்களுடையதைவிட 91 விழுக்காடும், முகச்சுளிப்பு 84 விழுக்காடும் குறைந்திருந்தன. சப்புதல், பாலின் சுவை, தோலோடு தோல் படும் வெதுவெதுப்பு, தாயின் மணம் ஆகிய அனைத்தும் ஒருங்கே சேர்ந்து வலியைத் தணிப்பதாக ஆய்வாளர் விளக்குகின்றனர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், குழந்தையைப் பெற்றோர் அல்லது பராமரிப்பவர் ஏந்தியிருக்க வேண்டும் என்பதோடு, பாலருந்தும் குழந்தைகளுக்குத் தடுப்பூசியின்போதோ அதற்குச் சற்று முன்போ பாலூட்ட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. செலவும் கருவியும் வேண்டாத இம்முறை எந்தச் சிற்றூர்ச் சுகாதார நிலையத்திற்கும் இயலும் என்பதால், ஊசி போடும் இடத்தில் தாய் அமர்ந்து பாலூட்ட ஓர் இருக்கையும் சற்று மறைவும் சில நிமிடப் பொறுமையும் அளிப்பது, நெடுங்காலம் நம்பப்படாத அந்த அழுகைக்கு மருத்துவம் செலுத்த வேண்டிய கடனாகும்.