தாது வருடப் பஞ்சமும் தானியச் சந்தையும்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்ததால் சென்னை மாகாணத்தில் மூண்டு, 1878 வரை நீடித்த பஞ்சம் மக்கள் வழக்கில் தாது வருடப் பஞ்சம் எனப்பட்டது. பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் 'எல் நினோ' நிகழ்வோடு இவ்வறட்சியை இணைத்துக் காணும் இன்றைய அறிவியல், அதே ஆண்டுகளில் சீனத்தையும் பிரேசிலையும் வாட்டிய பஞ்சங்களையும் அதனோடு சேர்த்தே விளக்குகிறது. ஆனால், மழை பொய்த்தது மட்டுமே மக்களைக் கொன்றுவிடவில்லை. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்து கிடந்தபோதும், விலையில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையை வைஸ்ராய் லிட்டன் விடாப்பிடியாகப் பற்றியிருந்தமையால், கூலி வேலையிழந்தோருக்கு அம்மூட்டைகள் எட்டாதவையாகவே இருந்தன. 1877இல் பஞ்ச நிலையை ஆராய வைஸ்ராய் அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவுமே கூலி என வகுத்தார்; கடும் உழைப்புக்கு இது போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்ட பின்னரே, மாகாண அரசு அதை உயர்த்தியது. இச்சிக்கனத்தை நிர்வாகத் திறமை என்பது பொருந்தாது. 1880இல் அறிக்கையளித்த பஞ்ச ஆணையம், தானியமின்மையைவிட வேலையும் வருவாயும் இல்லாமையே பட்டினிக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தது. அதன் அடிப்படையில் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது.