வளர்ப்பு எலிக்கு ஓடுசில்லு வாங்குமுன்

நாய் வளர்க்க இடமில்லாத அடுக்குமாடி வீடுகளில் வாழும் எங்கள் புலம்பெயர் உறவுகளின் பிள்ளைகள் எலி, ஹம்ஸ்ரர் போன்ற சிறு பிராணிகளைக் கேட்கிறார்கள். கூட்டோடு சேர்ந்து வரும் ஓடுசில்லு பல வேளைகளில் அந்தப் பிராணிக்குப் போதாததாக இருக்கிறது. என் மருமக்களுக்காகத் தேடி அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சில்லில் ஓடுவது வெறும் கூட்டுச் சலிப்பினால் அல்ல. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்த வெளியில் சில்லுகளை வைத்துக் கண்காணித்து, 2014 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டில் திரியும் சுண்டெலிகள் தாமாகவே வந்து ஏறி ஓடின. தீனி வைக்காதபோதும் ஓடின.

அளவு

ஓடும்போது முதுகு நேராக இருக்கவேண்டும். சில்லு சிறிதானால் முதுகு மேல்நோக்கி வளையும். நாளடைவில் முள்ளந்தண்டு பாதிக்கப்படும். குள்ள ஹம்ஸ்ரருக்கும் சுண்டெலிக்கும் குறைந்தது 20 சென்ரிமீற்றர் விட்டம் தேவை. சிரிய ஹம்ஸ்ரருக்கு 28 முதல் 30 வரை. எலிக்கு 30 இற்குக் குறையக்கூடாது. வளர்ந்த ஆண் எலிக்கு 35 இற்கு மேல் நல்லது. கடையில் பார்க்கும்போது குட்டியாக இருப்பதைக் கொண்டு அளவைத் தீர்மானிக்காதீர்கள்.

தளம்

ஏணிபோலக் கம்பி வைத்த சில்லை வாங்கவே வேண்டாம். இடைவெளியில் கால் விழுந்தால் எலும்பு முறியும், வாலும் சிக்கும். ஓடும் தளம் இடைவெளியின்றி மூடியிருக்கவேண்டும். சுழலும் பகுதிக்கும் தாங்கும் சட்டத்துக்கும் இடையில் கத்தரிக்கோல்போல நசிக்கும் இடம் உண்டா என்று கையால் சுழற்றிப் பாருங்கள். பிளாஸ்ரிக் சில்லைக் கழுவுவது இலகு, ஆனால் கடித்துவிடும். மரம் சிறுநீரை உறிஞ்சும். கிறீச்சிட்டால் அச்சில் ஒரு துளி சமையல் எண்ணெய் போதும். இயந்திர எண்ணெய் வேண்டாம், அவை நக்கும்.

யாருக்கு வேண்டாம்

கினிப்பன்றிக்கும் முயலுக்கும் சில்லு கூடாது. அவற்றின் முதுகு அதற்கு ஏற்றதல்ல. தரையில் ஓட இடம் கொடுத்தால் போதும். உள்ளே விட்டு உருட்டும் பிளாஸ்ரிக் பந்து எந்தப் பிராணிக்கும் நல்லதல்ல: காற்றோட்டம் குறைவு, விரல்கள் துவாரத்தில் மாட்டும், விரும்பியபோது வெளியே வரவும் முடியாது.

சில எலிகள் சில்லை ஏறிட்டும் பார்க்காது. வற்புறுத்தவேண்டாம். ஏறுவதற்குக் கயிறும் ஒளிவதற்குப் பெட்டியும் கூட்டுக்கு வெளியே தினமும் சிறிது நேரமும் கொடுங்கள். நொண்டினாலோ வாலில் காயம் தெரிந்தாலோ சில்லை உடனே எடுத்துவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இடம்பெயர்ந்தபோது மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிட்டு நடந்தவர்கள் எங்களில் பலர். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று பிள்ளை கேட்கும் எலியை வாங்குவதும் விடுவதும் எங்கள் தெரிவு. ஆகவே கூட்டுக்குச் செலவழிக்கும்போதே சரியான சில்லுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.