சேரி, மனை, குடியிருப்பு

வீடின்மை பற்றிய ஆராய்ச்சிகள் இந்நாளிற் பெருகி வருகின்றன. அவற்றுட் பெரும்பாலன கூரையையே அளவுகோலாகக் கொண்டவை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கு, நடைபாதையிலும் பாலத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் இரவு கழிப்போரை வீடிலர் எனக் கொண்டு, இந்திய நாட்டில் அவர்தம் தொகை ஏறத்தாழ 17.7 இலட்சம் எனக் கூறிற்று. அத்தொகையை மறுப்பது நம் நோக்கமன்று. ஆயின், தன் கையால் மண்சுவர் எழுப்பி, ஓலை வேய்ந்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பின்னரும், அடிமண் பிறனுக்கு உரியதாதலின் ஒரு சொல்லால் வெளியேற்றப்படக்கூடியவனாய் இருந்த உழவுத் தொழிலாளி இத்தகைய கணக்குகளில் இடம்பெறான். அவனுக்கு வீடு உண்டு, மனை இல்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அடிமைத்தனம் வேரூன்றி நின்றது இவ்வேறுபாட்டின் மீதே என்பது எம் கருத்து. சொல் வரலாற்றையும் ஆவண வரலாற்றையும் ஒருங்கே நோக்கினாலன்றி இது புலப்படாது.

மனை என்னும் சொல் பழம் பாடல்களில் இல்லத்தையும் இல்லாளையும் குறித்து வருதலை யாவரும் அறிவர். கல்வெட்டு மொழியிலோ அது கட்டடம் நிற்கும் நிலத்தைக் குறிக்கும் ஆட்சியும் உண்டு. இதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டினும் சிறந்த சான்று வேண்டா. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் அவ்வூர்ப் பிராமணச் சபை குடவோலைத் தேர்தலுக்கு வகுத்த விதிகளைப் போற்றியெழுதாத வரலாற்று நூல் இல்லை எனலாம். வயது வரம்பும் கல்வித் தகுதியும் அவற்றில் விரிவாகப் பேசப்படும். நம் ஆராய்ச்சிக்கு உரியது வேறொரு தகுதி. வேட்பாளன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதலோடு, தன் மனையிலே அகம் எடுத்து வாழ்பவனாகவும் இருத்தல் வேண்டும். மனை வேறு, அகம் வேறு என்பது இங்குத் தெளிவு. பிறன் மனையில் அகம் எடுத்தவன் எத்துணைக் கற்றவனாயினும் அவன் பெயர் குடத்துள் இடப்படாது. ஊராட்சியின் தொன்மைக்கு இக்கல்வெட்டைக் காட்டுவோர் இவ்விதியை விரைந்து கடந்து செல்வது வியப்பே.

இனிச் சேரியைக் காண்போம். சேர்ந்து வாழும் இடம் சேரி. பழந்தமிழில் இச்சொற்கு இழிபொருள் சிறிதும் இல்லை. தலைவன் ஓரூரிலேயே வாழ்ந்தும் தன் சேரிக்கு வருகின்றிலன் என்று தலைவி வருந்துவதாக அமைந்த குறுந்தொகைச் செய்யுளில், சேரி என்பது அவள் வாழும் தெருவே. சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி மதுரை மதிற்புறத்தே அறவோர் உறைந்த இடம். உத்தரமேரூர்ப் பிராமணரும் சேரிகளிலேயே வாழ்ந்தனர். அவ்வூரின் பகுதிகளுக்கு அதுவே பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொணர்ந்த 400 ஆடல் மகளிர் குடியமர்த்தப்பட்ட இடம் தளிச்சேரி. கி.பி. 1014ஐ ஒட்டிய அக்கல்வெட்டு, தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு என்றாற்போல வீட்டினை வரிசைப்படுத்தி, இன்ன வீட்டில் இன்னாள் எனப் பெயர் சுட்டிச் செல்கின்றது. நானூறு பெண்டிருக்கு முகவரி எழுதி வைத்த ஆவணம் அது.

அதே கோயிலின் பிறிதொரு கல்வெட்டுத் தொகுதி முற்றிலும் வேறான காட்சியைத் தருகின்றது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறையிலி நிலங்கள் இவை என எண்ணுமிடத்து, ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் என்பவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் சுடுகாடும் வருகின்றன. ஈழச்சேரியும் தீண்டாச்சேரியும் சில ஊர்களிற் காணப்படும். இப்பட்டியல்களை ஊரமைப்பு ஆராய்ச்சிக்கு முறைப்படப் பயன்படுத்தியவர் சப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. சுடுகாட்டின் அருகே எண்ணப்பட்டமையால் சேரி அதன் அருகே இருந்தது என முடிபு செய்தல் தகாது. பட்டியலின் வரிசை நில அமைப்பின் வரிசையாகாது. ஊர்நத்தம் வேறாகவும் சேரி வேறாகவும் எண்ணப்பட்டமையே நாம் கருதத் தக்கது. ஊரார் குடியிருக்கும் நிலத்திற்குப் பெயர் நத்தம். இவர்கள் குடியிருக்கும் நிலம் நத்தத்துள் அடங்கவில்லை. இரண்டிற்கும் இறை இல்லை. இறை இன்மை உடைமையைக் காட்டாது. அச்சேரிமண் யாருக்கு உரியது என்பதைக் கல்வெட்டுச் சொல்லவில்லை. தளிச்சேரியிற் போல ஆங்கு வாழ்ந்தார் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

சோழர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்திற்கு ஒரே பாய்ச்சலிற் செல்வது வரலாற்று முறைக்கு ஏற்றதன்று என்பதை அறிவோம். இடையே அரசுகளும் நிலவுரிமை முறைகளும் பலவாறு மாறின. ஆயினும், சேரிமண் யாருடையது என்னும் வினா எழுத்து வடிவில் வெளிப்பட எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. மிராசு உரிமை பற்றி 1818இல் விரிவாக எழுதியவர், திருக்குறளுக்கு உரை கண்டமையால் நம்மனோர் அன்போடு நினைக்கும் எல்லீசர். மிராசுதாரரின் உரிமை விளைநிலத்தோடு நில்லாது குடியிருப்பு நிலத்தையும் தழுவியது என்னும் வாதம் பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரும் பூசலுக்கு இடமாயிற்று. அம்மாவட்ட ஆட்சியராய் இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய குறிப்பு, பறையர் நிலைமை பற்றிய முதன்மையான ஆவணங்களுள் ஒன்று. அதனைப் பஞ்சமி நிலத்தோடு மட்டும் தொடர்புபடுத்திப் பேசுதல் வழக்காகிவிட்டது. மனைநிலம் பற்றிய செய்தியும் அதன்கண் உண்டு. கூலி உயர்த்திக் கேட்டவன், மற்றொருவன் வயலுக்குச் சென்றவன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவன், தனக்கெனப் புறம்போக்கில் ஒரு துண்டு நிலம் வேண்டி விண்ணப்பித்தவன் ஆகிய எவனையும் அடக்குதற்குச் சவுக்கும் சிறையும் வேண்டா. மனையை விட்டு நீங்கு என்னும் ஒரு சொல் போதும். 1892இல் அரசாணை பிறந்தது. மனைநிலத்தைக் குடியிருப்போர்க்கு உரிமையாக்கும் சட்டம் பிறக்கவில்லை. ஆளும் அரசு நிலவுடைமையாளரைப் பகைக்க அஞ்சிய திறத்தை உரூபா விசுவநாத் 2014இல் வெளியிட்ட நூலில் ஆவணங்கொண்டு நிறுவியுள்ளார். தமிழ்த்துறை மாணவர் அந்நூலைத் தவறாது பயிலல் வேண்டும்.

1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் ஆணையர் வழியாக அரசு மனைநிலங்களை விலைக்குக் கொண்டு, கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகத் தவணையிற் பணம் பெற்று ஆதிதிராவிடர்க்கு வழங்கத் தொடங்கிற்று. தாம் பல தலைமுறை வாழ்ந்த மண்ணுக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டியதாயிற்று என்பதை மறத்தலாகாது.

விடுதலைக்குப் பின் தஞ்சைப் பகுதியிற் களப்பணி செய்த காத்லீன் கௌவும் ஆந்திரே பெத்தேயும் அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என ஊர் பிரிந்து கிடந்தமையை விளக்கினர். 1965இல் வந்த பெத்தேயின் நூல் சாதி, வகுப்பு, அதிகாரம் ஆகிய மூன்றினையும் அத்தெருக்களின் வழியே ஆராய்ந்தது. மூன்றாண்டு கழித்து, 1968 திசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் கூலிப் பூசலின் முடிவாக, ஒரு குடிசையுள் ஒளிந்திருந்த பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களைக் காக்க அக்கூரையால் இயலவில்லை.

குடியிருப்போரை வெளியேற்றாது காக்கும் சட்டம் 1961இலேயே சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டிருந்தது. உரிமையையே வழங்கிய சட்டம் 1971இல் வந்தது. அவ்வாண்டு சூன் 19ஆம் நாளில் குடியிருப்பில் இருந்த உழவரும் உழவுத் தொழிலாளரும் கைவினைஞரும் அம்மண்ணுக்கு உடையர் ஆயினர். வெண்மணியே அதற்குக் காரணம் எனல் மிகை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை எனலும் பொருந்தாது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இவ்விரு சட்டங்களும் குடியிருப்பு என்னும் தமிழ்ச் சொல்லையே பெயரில் கொண்டுள்ளன. வீடு என்பதற்கும் மனை என்பதற்கும் ஆங்கிலத்திற் சொற்கள் உண்டு. ஒருவன் கட்டிய குடிசை, மற்றொருவனுடைய அடிமண், குடிசையைச் சூழ்ந்து புழங்கும் சிறிது இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டும் சொல் அம்மொழியிற் கிடைத்திலது போலும். சட்டம் விளக்கும் பொருளும் குடிசை நின்ற மண்ணும் அதன் புழங்குவெளியுமே ஆகும். உத்தரமேரூர்ச் சபையார் பிரித்து வைத்த மனையும் அகமும் ஓராயிரம் ஆண்டின் பின் ஒரு சட்டச் சொல்லில் மீண்டும் கூடின.

நகரத்தின் நிலை வேறு. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகளை எழுப்பிற்று. பின்னர்க் கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்தோர் நகரின் புறத்தே கொண்டு செல்லப்பட்டனர். 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த குடியிருப்பில் 15,000க்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து குடிசை என்னும் சொல் நீங்கி, வாழ்விடம் என்னும் சொல் சேர்ந்தது. துரைப்பாக்கத்தில் கூரை உறுதியானது. வேலைக்குச் சென்ற தெருவும் பிள்ளைகள் பயின்ற பள்ளியும் பழைய மண்ணோடு நின்றுவிட்டன. அக்குடியிருப்பிற்குக் கண்ணகி நகர் என்று பெயர். மதுரை மதிற்குள் இடம் பெறாது புறஞ்சேரியில் தங்கி, பின் மாதரியின் மனையில் அடைக்கலம் புகுந்தவள் கண்ணகி என்பதைப் பெயரிட்டோர் எண்ணிப் பார்த்தனரோ, அறியோம்.